பைத்தானின் அகராதிக்கு வரிசை வந்த வரலாறு

தமிழில் ‘அகராதி’ என்னும் சொல்லுக்குள்ளேயே வரிசை இருக்கிறது. அகரத்தை ஆதியாக உடையது அது. பைத்தான் நிரல்மொழியிலும் ‘டிக்சனரி’ என்றோர் அமைப்பு உண்டு. பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும். ஆயின் நெடுங்காலம் அதற்கு வரிசை கிடையாது. முதுகலை நாள்களில் ஆய்வகத்தின் பழைய கணினியொன்றில் 3.5ஆம் பதிப்பு இருந்தது. சொற்களை எண்ணும் என் நிரல், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அவற்றை வெவ்வேறு வரிசையில் அச்சிட்டது. பிழை என்னுடையதென்று இரண்டு நாள் தேடியிருக்கிறேன்!

நிரலின் பொதுப் பெயர்களும் பொருள்களின் பண்புகளும் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் தங்குகின்றன. எனவே இதில் மிச்சமாகும் நினைவகம் மொழி முழுமைக்கும் ஆதாயம். 2012 டிசம்பரில் ரேமண்ட் ஹெட்டிங்கர் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். பழைய முறைப்படி, 8 இடங்கள் கொண்ட அட்டவணையில் 3 பதிவுகளே இருந்தாலும், வெற்றிடங்களும் சேர்த்து இடத்துக்கு 24 பைட் வீதம் 192 பைட் செலவாகும். பதிவுகளை வந்த வரிசையிலேயே நெருக்கி அடுக்கி, எது எங்கே உள்ளது என்பதை மட்டும் இடத்துக்கு ஒரு பைட் வீதம் தனியே குறித்துவைத்தால் 80 பைட் போதும்.

கணக்கு எளிது. செய்து முடிக்கத்தான் ஆள் வேண்டும். பைத்தானைப் பராமரிப்போரில் பெரும்பகுதியினர் தன்னார்வலர்கள். நல்ல யோசனைகூட யாருக்கேனும் நேரம் வாய்க்கும்வரை காத்துக்கிடக்கும். இது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கிடந்தது. பைத்தானின் மாற்று வடிவமான பைபை 2015இல் இதனை முதலில் ஏற்றுக்கொண்டது. மூலப் பைத்தானுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஜப்பானியரான இனடா நவோகி. 2016 டிசம்பரில் வெளியான 3.6ஆம் பதிப்பில் டிக்சனரிகள் முன்னைவிட 20 முதல் 25 விழுக்காடு குறைவான நினைவகத்தில் அடங்கின. பைத்தானின் வேகம் பற்றிய பேச்சில் 2021க்குப் பின் பெருநிறுவன ஆதரவுடன் நடந்த பணிகளே முன்னிற்கின்றன. நவோகியின் பெயரை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

மொழியியல் பயின்றவளாக என்னைக் கவர்ந்தது இதன் பின்விளைவு. பதிவுகளை நெருக்கி அடுக்கியதால், இட்ட வரிசை தானாகவே நிலைத்தது. யாரும் அதை நோக்கமாகக் கொள்ளவில்லை. 3.6இன் வெளியீட்டுக் குறிப்பும் அதனை நம்பவேண்டா என்றே எச்சரித்தது. கண்முன் மாறாது நிற்கும் ஒழுங்கை நம்பாதே என்றால் யார் கேட்பார்? இதே இக்கட்டைத் தவிர்க்கவே கோ மொழியை வடிவமைத்தோர், தம் அட்டவணைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துவிட்டனர். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் மறுவழியைத் தேர்ந்தார்: இட்ட வரிசை காக்கப்படும் என்பதே இனி விதி என 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2018 ஜூனில் வந்த 3.7 முதல் அது மொழியின் இலக்கணம்.

வழக்கு முந்தி, இலக்கணம் பிந்தி வந்ததை நாள் குறித்துக் காட்ட முடிவது எங்கள் துறையில் அரிது. இங்கே இரண்டுக்கும் இடையே பதினெட்டு மாதங்கள்தாம்.