மிலிந்த் கல்லூரி மேடை

கல்லூரி நாடகம்னா ஆண்டுவிழாப் பொழுதுபோக்கு என்போம். ஔரங்காபாத்தில் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1950இல் தொடங்கிய கல்லூரியில் கதை வேற. ம. பி. சிட்னிஸ் எழுதிய ‘யுகயாத்ரா’வை 1955இல் மாணவர்கள் அம்பேத்கர் முன்னாலேயே நடித்தார்கள். எழுதியவர் தலித் அல்ல. ஆனா மேடையேறிய உடம்பும் குரலும் நம்மளோடது. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறியவர்கள், தம் முன்னோர் பட்ட பாட்டை ஊரறியச் சொன்னார்கள். மறு ஆண்டு நாக்பூர் மதமாற்றத்தின்போதும் அந்த நாடகம் நடந்தது. இதே வளாகத்து ஆசிரியர் கங்காதர் பாந்தாவணே 1960களின் கடைசியில் ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழைக் கொண்டுவந்தார். மராத்தி தலித் இலக்கியத்தைப் பம்பாயோடு மட்டும் முடிச்சுப் போடுகிறவர்கள் இந்த மேடையை மறந்துடறாங்க. ஆதிக்கசாதிகள் மறக்கவில்லை. 1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரிடத் தீர்மானம் வந்ததும் சேரிகள் எரிந்தன. அந்தப் பெயரைச் சேர்க்க 1994 வரை ஆனது.