பழைய துவிச்சக்கர வண்டியும் மலையக வரலாறும்: பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே தமிழ் பயில்வோர் நினைவுக்கு வருகின்றன. மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவை பெரிதும் துணை செய்வதில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியுள்ள எழுத்துச் சான்றுகளுட் பெரும்பாலானவை தோட்ட நிருவாகமும் அரசாங்கமும் தத்தம் தேவைக்காக எழுதி வைத்தவை. செக்ரோலிலே தொழிலாளி ஒரு பெயராகவும் ஒரு நாட்கூலியாகவும் மட்டுமே காணப்படுகிறான். அவன் எதை விரும்பினான், எதைச் சேர்த்து வைத்தான், எதைத் தன் கையாற் பழுதுபார்த்தான் என்பவற்றை அப்பதிவேடு கூறாது. ஆகவே மக்கள் புழங்கிய பொருள்களையும் சான்றுகளாகக் கொள்ளும் நோக்கு மலையக ஆய்வுக்கு இன்றியமையாததாகின்றது. அத்தகைய பொருள்களுள் ஒன்று பழைய துவிச்சக்கர வண்டி.

பழைய வண்டிகளைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு வைத்திருத்தல் இன்று உலகின் பல பாகங்களிலும் விருப்பத்துக்குரிய பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இங்கிலாந்திலே பழைய வண்டி ஆர்வலர் 1955-ஆம் ஆண்டிலேயே தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் 1997 முதல் பழைய வண்டிகளுக்கெனவே ‘எரோயிக்கா’ என்னும் ஓட்டம் நடைபெற்று வருகின்றது. இலங்கையிலும் இத்தகைய ஆர்வலர் உளர். இப்பொழுதுபோக்கு மலையகத்துக்கு வரும்போது எதைக் காக்க வேண்டும் என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை காண, வண்டி மலையேறிய கதையை முதலில் நோக்குதல் தகும்.

வண்டியும் இறப்பரும்

பொகவந்தலாவை, கெஹெல்கமு ஓயா பாயும் ஓர் உயர் பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. கோப்பிச் செய்கை 1869-இன் பின் பரவிய இலைநோயால் அழிந்ததும், இப்பகுதியின் சரிவுகளைத் தேயிலை மூடியது. புகையிரதப் பாதை 1884-இல் அட்டனை வந்தடைந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேதான் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவினவாய்ச் சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லொப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். ஆகவே அட்டன் புகையிரதமும் இன்று நாம் அறியும் துவிச்சக்கர வண்டியும் ஒத்த வயதினவாம்.

இவ்வுறவு வெறும் காலப் பொருத்தம் மட்டுமன்று. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நாட்டப்பட்டன. அப்போது அவற்றுக்குப் பெருஞ் சந்தை இருக்கவில்லை. அச்சந்தையை முதலில் உருவாக்கியவற்றுள் 1890-களின் துவிச்சக்கர வண்டி மோகம் முக்கியமானது. மோட்டார் வாகனம் பின்னரே வந்தது. தொடக்கத்தில் அமேசன், கொங்கோக் காடுகளின் இறப்பரே டயர்களுக்குப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டுக்குள் இலங்கை, மலாயாத் தோட்டங்களின் இறப்பர் அதனை விஞ்சியது. அவ்விரு நாடுகளிலும் இறப்பர்ப் பால் வெட்டியோருட் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர். நொட்டிங்ஹாமிலும் பேர்மிங்ஹாமிலும் செய்யப்பட்ட றலி, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் வண்டிகளின் சக்கரங்களிலே தமிழ்த் தொழிலாளியின் உழைப்பும் சுற்றியது என்பது மிகைக் கூற்றாகாது.

ஏறியோரும் நடந்தோரும்

அவ்வுழைப்பின் பயனைத் தோட்டத் தொழிலாளி உடனே துய்த்தான் அல்லன். தோட்டத்தின் படிநிலை, போக்குவரத்திலும் வெளிப்பட்டது. துரை முதலிற் குதிரையிலும் பின்னர் மோட்டார் வாகனத்திலும் சென்றார். தொழிற்சாலை அலுவலர், கிளாக்கர், டிஸ்பென்சர் போன்ற உத்தியோகத்தருக்கே துவிச்சக்கர வண்டி எட்டக்கூடியதாயிருந்தது. தொழிலாளி நடந்தான். எதிரே பெரியவர் வரின் குடையை மடக்கி ஒதுங்கி நின்ற வழக்கத்தை மலையக வாய்மொழி நினைவுகள் இன்றும் பேசுகின்றன.

இது வறுமையின் விளைவு மட்டுமன்று. அசைவே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிலே வேலை பெறக் கடன் தீர்ந்தமைக்கான ‘துண்டு’ வேண்டியிருந்தது. இம்முறை 1921-இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வெளியார் தோட்டத்துள் நுழைவதும் எளிதாயிருக்கவில்லை. தஞ்சையிலிருந்து வந்து பின்னாளில் மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகிய கோ. நடேசய்யர், துணி வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுள் நுழைந்தமை நாடறிந்தது. 1931-இல் அவர் அமைத்த அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அட்டனை மையமாகக் கொண்டே இயங்கியது. தன் விருப்பப்படி ஒரு பாதையில் செல்லும் உரிமை பேரம் பேசிப் பெறவேண்டியதாயிருந்த சமூகத்திலே, சொந்தமாக ஒரு வண்டி வைத்திருத்தல் என்பதன் பொருள் வேறு.

நிலத்தின் அமைப்பும் இதிற் பங்கு கொண்டது. மலைச்சரிவுத் தோட்டங்களில் வண்டிக்கு வேலையில்லை. ஆயினும் டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பள்ளத்தாக்குப் பாதையிலே வண்டி ஓடலாம். அக்கால ஆங்கில வண்டியின் சக்கரம் 28 அங்குலம். முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னதில் 18 பற்களும் இருப்பின், மிதிகோல் ஒருமுறை சுழல வண்டி ஏறத்தாழ 19½ அடி முன்செல்லும். சமதரைக்கு இது பொருத்தம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளவேண்டியதே. ஸ்டேர்மி ஆர்ச்சர் மூன்று வேகக் குடம் பூட்டிய வண்டியில் தாழ்ந்த வேகத்திற் கால்பங்கு குறைந்து 14½ அடியளவாகும். ஏற்றம் சற்று இலகுவாகும். இறக்கமோ வேறொரு சோதனை. கம்பிகளால் இயங்கி விளிம்பின் உட்புறத்தை அழுத்தும் பழைய பிரேக், தென்மேற்குப் பருவமழையில் நனைந்த உருக்கு விளிம்பிலே வழுக்கும். எனவே மலையகத்தில் ஓடிய வண்டியின் பிரேக்கட்டையும் விளிம்பும், யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓடியவற்றினின்றும் வேறுபட்டுத் தேய்ந்திருப்பதில் வியப்பில்லை. நிலம் தன் கையொப்பத்தை வண்டியில் இட்டுச் செல்கின்றது.

கைமாறிய பொருள்

உத்தியோகத்தர் வாங்கிய வண்டி அவருடனேயே முடிந்துவிடவில்லை. ஒருவர் விற்க மற்றொருவர் வாங்கினார். விலை குறையக் குறைய அது படிநிலையிற் கீழிறங்கியது. புதிய வண்டி எட்டாத வீட்டுக்கு மூன்றாங்கை வண்டி எட்டியது. மலையகத் தொழிலாளர் குடும்பங்களைப் பொறுத்தவரை, துவிச்சக்கர வண்டியின் வரலாறு பெரிதும் பழைய வண்டியின் வரலாறே எனலாம்.

கைமாற்றத்துக்குத் துயரமான மற்றொரு முகமும் உண்டு. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கவேண்டுமென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. மக்கள் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட அக்காலத்திலே, தோட்டத்தை விட்டுத் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் கொண்டுசெல்ல இயலாதவற்றை விற்றும் அயலாருக்குக் கொடுத்தும் சென்றன. பிற இடங்களிலே பழம்பொருள் என்பது வசதி பெருகிப் புதியது வாங்கியதன் அடையாளமாயிருக்கலாம். மலையகத்திலோ அது ஒரு குடும்பம் பெயர்ந்ததன் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

1970–77 காலப்பகுதியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழுதுபார்க்கும் தொழிலுக்கு முக்கியத்துவம் அளித்தன. உதிரிப்பாகம் அருகியபோது திருத்துநரின் திறமையே வண்டியை ஓடவைத்தது. ஆங்கிலத் தொழில் பின்னர் நலிந்து, நொட்டிங்ஹாமில் றலி உற்பத்தி 2002-இல் முடிவுற்றது. ஆயின் இந்தியாவிலே அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. நிறுவனமும் பஞ்சாப்பின் தொழிற்சாலைகளும் பழைய ஆங்கில அமைப்பையே பின்பற்றின. ஆங்கில மரபிலே முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. இந்திய வண்டிகள் இவ்வளவைக் கைவிடாமையால், தாயகத்தில் மறைந்த வண்டிக்குத் தென்னாசியாவிலே பாகம் கிடைக்கின்றது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் அற்றுப்போனபோது, நாடெங்கும் மூலையிற் கிடந்த வண்டிகள் மீண்டும் பாதைக்கு வந்தமை அண்மைய வரலாறு.

திருத்தமும் பதிப்பும்

இப்பின்னணியிலேயே செப்பனிடுதலை நோக்க வேண்டும். ஆர்வலரிடையே இரு போக்குகள் உள. துருவை முற்றாக நீக்கி, புதிய வர்ணம் பூசி, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் தோற்றத்தை மீட்பது ஒன்று. ஓடக்கூடிய நிலைக்குக் கொணர்ந்து, காலம் பதித்த தடங்களை விட்டுவைப்பது மற்றையது.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் மூலபாடத்தைத் தேடுகிறார். ஆனாற் பாடபேதங்களை எரித்துவிடுவதில்லை, அடிக்குறிப்பிலே தருகிறார். வண்டியிலும் பாடபேதமும் இடைச்செருகலும் உள. மூன்று வேகக் குடங்கள் பலவற்றில் உற்பத்தி ஆண்டின் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு வண்டியின் வயதைத் துணிய முற்படுவோர், சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதை மறத்தலாகாது. சட்டகத்தின் எண், சட்டகத்தின் பொருத்துமுனை, கிடைக்குந் திருகாணியின் புரியளவு ஆகியவற்றை ஒருங்கே ஒப்பிட்டே முடிவு கொள்ள வேண்டும். றலி நிறுவனத்தின் கீழச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 26 புரிகள். பிற ஆங்கில வண்டிகளில் 24. வேறு கிண்ணத்தைத் திணித்து இறுக்கிய தடம் இருப்பின், பாகம் கிடைக்காத ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வழிகண்டார் என்பது புலனாகும்.

இங்குதான் முதலாவது போக்கின் குறைபாடு தெளிவாகின்றது. தொழிற்சாலைத் தோற்றத்தை மீட்பது என்பது முதலாவது உடைமையாளரின் வண்டியை மீட்பதாகும். மலையகத்தைப் பொறுத்தவரை அவர் பெரும்பாலும் தோட்டப் படிநிலையின் மேற்படியில் நின்றவர். முறிந்த சட்டகத்தில் இட்ட ஒட்டு, வேறொரு வண்டியிலிருந்து வந்த முள்ளு, கையால் அடித்த மட்காப்பு, தூரிகையாற் பூசிய வர்ணம் ஆகியன இரண்டாவது, மூன்றாவது உடைமையாளரின் தடங்கள். பளபளப்புக்காக அவற்றை அரமிட்டு அகற்றுவோர், தம்மை அறியாமலே செக்ரோல் செய்த வேலையைத் தொடர்கின்றனர்.

பெயரற்றுப் போதல் என்பது இப்பள்ளத்தாக்குக்குப் பழக்கமானதே. பொகவந்தலாவை சென் மேரி தேவாலயத்தில் 1879-இல் அடக்கம் செய்யப்பட்ட ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர். இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியுள்ள படங்களில் உழைக்கும் மக்கள் பலர் தோன்றுகின்றனர். முகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பெரும்பாலானோரின் பெயர்கள் கிடைக்கவில்லை. படம்பிடித்தவரின் கல்லறையிலே பெயர் உண்டு.

செய்யத்தக்கது

பழைய வண்டி வாங்குவோர் கையாளத்தக்க முறை கடினமானதன்று. தூய்மை செய்யுமுன் வண்டியை நாற்புறமும் படமெடுத்தல் வேண்டும். சட்டக எண்ணையும் குடத்தின் எண்ணையும் குறித்தல் வேண்டும். வர்ணத்தை ஓரிடத்தில் மட்டும் சுரண்டி அடியிலுள்ள பூச்சுகளின் வரிசையை அறிதல் வேண்டும். இறுகிய ஆப்பையும் ஆணியையும் மண்ணெண்ணெயில் நாட்கணக்கில் ஊறவைத்துக் கழற்றுதல் நன்று. சம்மட்டியால் அடிப்பின் சான்று சிதையும். பாதுகாப்புக்கு இன்றியமையாத பிரேக்கட்டை, டயர், சங்கிலி, உருண்டைகள் ஆகியவற்றைத் தயங்காது புதுப்பிக்கலாம். கழற்றிய பாகங்களை வீசாது வைத்திருத்தல் தகும்.

இவற்றினும் முக்கியமானது, விற்பவரிடம் வினவுதல். வண்டி யாரிடமிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் ஓடியது, யார் திருத்தினார், முன்னையவர் எங்கே சென்றார் என்னும் நான்கு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையை எழுதி வைத்தல் வேண்டும். விலை பேசி முடிந்தபின் இவற்றைக் கேட்பார் இல்லை. விற்றவர் மறைந்தபின் சொல்வாரும் இல்லை. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தொகை பெருகிவரும் இன்று, விடுமுறைக்கு வீடு செல்வோர் ஒவ்வொருவரும் தம் லயத்திலும் கடைத்தெருவிலும் இப்பணியைத் தொடங்கலாம். அதற்கு வண்டியை விலைக்கு வாங்கவேண்டும் என்பதுமில்லை. ஒரு கொப்பியும் கேட்கும் பொறுமையும் போதும்.