பேசுற இடம் யார் பேர்ல இருக்கு?

ஃப்ரீநோடுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் இருபது வருஷம் கூடிப் பேசிய அரட்டைக் களம். 1988-ல் ஃபின்லாந்தில் பிறந்த ஐஆர்சி முறையில் இயங்கியது. உபுண்டு, விக்கிமீடியா, ஜென்டூ எல்லாருக்கும் அங்கே அறைகள் இருந்தன. சர்வர்களைப் பார்த்துக்கிட்டவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

2017-ல் ஃப்ரீநோட் பெயரிலிருந்த நிறுவனம் ஒரு தொழிலதிபர் கைக்குப் போனது. 2021-ல் களம் யார் கட்டுப்பாட்டில் என்ற தகராறு முற்றியது. மே 19 அன்று தன்னார்வலர்கள் மொத்தமாக விலகி, லிபெரா சாட் என்ற புதுக் களத்தைத் திறந்தார்கள். இந்த முறை அதை நடத்துவது ஸ்வீடனில் பதிவான, லாப நோக்கமில்லாத சங்கம்.

வீடு மாறினா பழைய வாசல்ல புது விலாசத்தை எழுதி வைப்போம் இல்லையா? அப்படி லிபெரா பெயரை எழுதி வைத்த நூற்றுக்கணக்கான அறைகளை, ஒரே வாரத்தில் ஃப்ரீநோட் நிர்வாகம் தன் கைக்கு எடுத்துக்கிட்டது. போகலாமா வேண்டாமான்னு யோசிச்சவங்க பலரும் அதோட மூட்டை கட்டிட்டாங்க. ஜூனில் பழைய பயனர் பதிவுகளும் அழிக்கப்பட்டன.

நிரலை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். அதற்கு உரிமம் காவல். பேசுற இடத்துக்கு அந்தக் காவல் இல்லை. அடுத்த தடவை ஒரு குழுவில் சேரும்போது, சாவி யார் கையில்னும் ஒரு வார்த்தை கேளுங்க.