சட்டிக்குள் ஒரு சரித்திரம்



பால்மரம் வெட்டப் போனவர்கள் வீட்டில் ஒரு தூக்குச்சட்டி இல்லாமல் இருந்ததில்லை. விடியற்காலையில் பிரட்டுக்குக் கிளம்பும்போது அதில்தான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போவார்கள். தூக்கினால் கனம் தெரியாது, கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது, துருவும் பிடிக்காது. நம்மில் பலர் அதை 'ஈயச்சட்டி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஈயமே இல்லை. அது அலுமினியம்.

"சட்டியைப் பத்தி ஒரு கட்டுரையா? வேற விஷயமே கிடைக்கலையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஒரு காலத்தில் இந்த உலோகம் பணக்காரர் கையில் மட்டுமே இருந்தது. அதை ஏழை வீட்டு அடுப்படிக்குக் கொண்டு வர வழி கண்டவர்கள் இரண்டு இளைஞர்கள். அவர்களுள் ஒருவருக்குத் துணையாக ஒரு வாத்தியாரும் ஓர் அக்காளும் இருந்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மண்ணில் ஏராளம், கையில் இல்லை

நாம் நிற்கும் இந்தப் பூமியின் மேலோட்டை எடுத்துக்கொண்டால், அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு அலுமினியம். உலோகங்களிலே இதுதான் அதிகம். இரும்புகூட இதற்கு அடுத்துத்தான். ஆனால் அது தனியாக இருப்பதில்லை. பிராணவாயுவோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. இரும்புக் கல்லைக் கரியோடு சேர்த்து உலையில் போட்டு ஊதினால் இரும்பு வந்துவிடும். அலுமினியம் அப்படி மசியாது.

1825இல் டென்மார்க் நாட்டு ஓர்ஸ்டெட் என்பவர் முதன்முதலில் இதைச் சிறிதளவு பிரித்தார். 1827இல் ஜெர்மனியின் வோலர் பொடியாக எடுத்தார். 1854இல் பிரான்சு நாட்டு டெவில், சோடியத்தைக் கொண்டு இதைச் செய்தார். 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அலுமினியக் கட்டிகளை வைத்தபோது சனங்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தம் முக்கிய விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி கொடுத்தார், மற்றவர்களுக்கெல்லாம் தங்கக் கரண்டிதான் என்று ஒரு கதைகூட உண்டு.

1884ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், அமெரிக்கத் தலைநகரில் 555 அடி உயர வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சிறு அலுமினியக் கூம்பை வைத்தார்கள். அதன் எடை 100 அவுன்ஸ், அதாவது 3 கிலோவுக்கும் குறைவு. அவ்வளவு பெரிய தூணுக்கு முடியாக வைக்கத் தகுந்த பொருளாக அன்று அலுமினியம் இருந்தது. இன்று அந்த எடைக்கு நம் வீட்டில் நாலு சட்டி பானை இருக்கும்!

வாத்தியார் சொன்ன ஒரு சொல்

அதே டிசம்பர் 6ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு மாணவருக்கு 21 வயது நிறைந்தது. அவர் பெயர் சார்லஸ் மார்ட்டின் ஹால். 1863இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ஓபர்லின் என்னும் சிற்றூர்க் கல்லூரியில் படித்தார்.

அங்கே இரசாயனம் சொல்லிக் கொடுத்தவர் பேராசிரியர் ஜூவெட். அவர் ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவர். அங்கே வோலரைச் சந்தித்தவர். வகுப்பில் ஒரு நாள் அவர், அலுமினியத்தை மலிவாக எடுக்கும் வழியை எவன் கண்டுபிடிக்கிறானோ அவன் உலகத்துக்கும் நன்மை செய்வான், தானும் செல்வந்தன் ஆவான் என்று சொன்னாராம். எத்தனையோ மாணவர்கள் கேட்டார்கள். ஒருவர் மட்டும் அதை மனத்தில் முடிந்துகொண்டார். ஜூவெட் வெறும் பேச்சோடு நிற்கவில்லை; கருவிகளும் கொடுத்து, யோசனையும் சொன்னார்.

விறகுக் கொட்டகையில் நடந்தது

1885இல் பட்டம் வாங்கிய ஹால், வேலை தேடி ஊர் ஊராகப் போகவில்லை. வீட்டின் பின்புறத்து விறகுக் கொட்டகையில் உலை வைத்தார். மின்சாரம் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஜாடிகளில் அமிலம் ஊற்றித் தாமே மின்கலங்களைச் செய்துகொண்டார்.

அவர் கண்ட வழி இதுதான். அலுமினா என்பது வெள்ளை மாவு போன்ற பொருள். அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்தது. அதை உருக்க 2000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் கிரீன்லாந்தில் கிடைத்த கிரையோலைட் என்னும் கல்லை ஏறக்குறைய 1000 டிகிரியில் உருக்கி, அதில் அலுமினாவைப் போட்டால், தண்ணீரில் உப்புக் கரைவதுபோல் கரைந்துவிடுகிறது. அந்தக் குழம்பில் மின்சாரத்தைச் செலுத்தினால், பிராணவாயு கரித்தண்டோடு சேர்ந்து வாயுவாகப் போய்விடும்; அலுமினியம் அடியில் தங்கும்.

சொல்லும்போது சுலபம். செய்தபோது ஒன்றும் வரவில்லை. காரணம் என்ன? குழம்பு இருந்தது மண் குகையில். அந்த மண்ணே கரைந்து காரியத்தைக் கெடுத்தது. அதைப் புரிந்துகொண்ட ஹால், குகையின் உட்புறம் முழுவதும் கரியால் பூசினார். 1886 பிப்ரவரி 23ஆம் நாள், ஆறிய கட்டியை உடைத்துப் பார்த்தபோது வெள்ளியைப்போல் பளபளக்கும் சிறு உருண்டைகள் கிடைத்தன. அவற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நேரே வாத்தியாரிடம்தான் ஓடினார்.

அக்காளின் சாட்சி

இனிமேல்தான் சிக்கல். அதே காலத்தில் பிரான்சில் பால் எரூ என்னும் இளைஞரும், தம் தகப்பனாருடைய தோல் பதனிடும் ஆலையில், இதே வழியைக் கண்டுபிடித்திருந்தார். அவருக்கும் அதே வயது. அவரும் 1863இல் பிறந்தவர். ஒருவரை ஒருவர் அறியார். எரூ 1886 ஏப்ரல் 23ஆம் நாள் தம் நாட்டில் காப்புரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஹால் போட்டதோ ஜூலை 9ஆம் நாள்!

"அப்போ ஹால் தோத்துட்டாரா?" என்று பிள்ளைகள் கேட்பீர்கள். அமெரிக்கச் சட்டப்படி யார் முதலில் மனுப் போட்டார் என்பது மட்டும் கணக்கில்லை. யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதே கேள்வி. ஏப்ரல் 23க்கு முன்பே தாம் செய்து முடித்ததை ஹால் நிரூபிக்க வேண்டும். கொட்டகைக்குள் தனியாகச் செய்த காரியத்துக்கு யார் சாட்சி?

அக்காள் ஜூலியாதான் சாட்சி. அவரும் அதே கல்லூரியில் இரசாயனம் படித்தவர். தாயார் 1885இல் காலமான பிறகு வீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அடுப்படி வேலைக்கு நடுவிலும் தம்பியின் சோதனைகளைக் கவனித்து வந்தார். தம்பியும் ஒவ்வொரு கட்டத்தையும் அவரிடம் விளக்கிச் சொன்னார். என்ன செய்தது, எப்போது செய்தது என்று 1887இல் ஜூலியா வரிசையாக எழுதி வைத்தார். அந்த எழுத்தும், அவர் சொன்ன சாட்சியமும், ஹால் தம் அண்ணனுக்குத் தேதி போட்டு எழுதிய கடிதங்களும் துணை நின்றன. 1889 ஏப்ரல் 2ஆம் நாள் ஹாலுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஐரோப்பாவில் எரூவின் உரிமை நிலைத்தது. இன்றும் உலகம் இம்முறையை ஹால்–எரூ முறை என்று இருவர் பெயராலும் அழைக்கிறது. அதில் ஜூலியாவின் பெயர் இல்லை. ஆகவேதான் இங்கே எழுதுகிறேன்.

இருவரும் பகைவர்களாகவே இருந்துவிடவில்லை. 1911இல் ஹாலுக்குப் பெர்கின் பதக்கம் கொடுத்த விழாவுக்கு எரூவே நேரில் வந்து வாழ்த்தினார். 1914இல், அதே ஆண்டில், இருவரும் மறைந்தார்கள்.

நம் அடுப்படிக்கு வந்த வழி

1888இல் பிட்ஸ்பர்க் நகரில் ஹாலின் முறைப்படி ஆலை தொடங்கியது. அப்போது ஒரு இராத்தல் அலுமினியம் 4 டாலர் 86 சென்ட். 1893இல் 78 சென்ட்! ஐந்தே ஆண்டில் எவ்வளவு இறக்கம் பாருங்கள். 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். செம்பும் பித்தளையும் வாங்க வசதியில்லாத தமிழர் வீடுகளிலும் பின்னாளில் இந்த வெள்ளைச் சட்டி இடம் பிடித்தது.

நம் மலேசிய மண்ணுக்கும் இதில் பங்குண்டு. அலுமினாவைத் தரும் பாக்சைட் என்னும் செம்மண், ஜொகூரில் 1930களிலேயே தோண்டப்பட்டது. பகாங் குவாந்தானில் அளவுக்கு மிஞ்சித் தோண்டியதால் ஊரே செம்புழுதியாகி, 2016 ஜனவரியில் அரசாங்கம் அதை நிறுத்தி வைத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சரவாக்கில் 2009 முதல் மூக்காவிலும், பிறகு பிந்துலு அருகே சமலாஜுவிலும் அலுமினிய ஆலைகள் வந்தன. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய சட்டியை உருக்கினால் அதில் இருபதில் ஒரு பங்கே போதும். ஆகையால் நசுங்கிய சட்டியைக் குப்பையில் வீசாதீர்கள்; பழைய சாமான்காரரிடம் போடுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது

பெற்றோர்களே! பிறப்புப் பத்திரம் என்ற ஒரு துண்டுத் தாள் இல்லாததால், இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளியவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! உழைத்தது உண்மை, பிறந்தது உண்மை. ஆனால் எழுத்தில் இல்லை. ஹாலின் உழைப்பும் அக்காளின் எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! பிள்ளைகளின் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு என்று யாராவது சொன்னால், ஜூலியாவின் கதையைச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. வாத்தியார் வகுப்பில் சொல்லும் ஒரு சொல்லைக் காதில் வாங்குங்கள். செய்து பாருங்கள், கெட்டால் ஏன் கெட்டது என்று பாருங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள். ஹால் தமது சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாம் படித்த கல்லூரிக்கும், இன்னொரு பங்கை ஆசிய நாடுகள் உள்ளிட்ட அயல்நாடுகளின் கல்விக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். படித்த பள்ளியை அவர் மறக்கவில்லை. நீங்களும் மறக்காதீர்கள்.

நாளைக் காலை அம்மா சட்டியை அடுப்பில் வைக்கும்போது ஒரு கணம் அதைத் தட்டிப் பாருங்கள். அந்த ஓசைக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது!