வரைபடங்கள் ஒன்றுசேர்ந்த வரலாறு

ஒரு பெரிய கட்டடத்தின் சுவர்களை ஒருவர் வகுக்க, தூணையும் உத்தரத்தையும் மற்றொருவர் கணக்கிட, குழாயும் மின்கம்பியும் செல்லும் வழியை வேறொருவர் குறிக்க, இப்படிப் பலர் தனித்தனியே எழுதிய வரைபடங்கள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டு, தூண் நிற்கும் இடத்தில் குழாய் குறுக்கிடவில்லை என்று நிச்சயமான பிறகே அஸ்திவாரத்துக்கு மண் வெட்டுவது முறை. இன்று கணினியில் ஒரே கோப்புக்குள் நடைபெறும் இந்தப் பொருத்தும் வேலைக்காக, அதற்கு வெகுகாலம் முன்னரே, டிராயிங் போர்டின்மேல் குனிந்து நின்ற டிராப்ட்ஸ்மேன்கள் சில தலைமுறைகளாகத் தங்கள் கண்ணையும் முதுகையும் செலவிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வித்தையின் சரித்திரத்தை நோக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது இது: படங்களைச் சேர்க்கும் வேலை, முதல் கோடு இழுக்கப்படுவதற்கு முன்பே, வரைபவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் ஆரம்பமாகிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேலைக்கு ஆதாரமாயிருந்தது டிரேசிங் துணி. மெல்லிய துணிக்குக் கஞ்சி ஏற்றி, அடியிலுள்ள கோடு மேலே தெரியும்படி மெருகிட்டிருப்பார்கள். அதை ஒரு படத்தின்மேல் விரித்து வேண்டிய கோடுகளை மட்டும் மசியால் எடுத்துக்கொண்டு, பிறகு வேறொரு படத்தின்மேல் வைத்து அதிலிருந்தும் எடுத்தால், இரண்டும் சேர்ந்த மூன்றாவது படம் கிடைக்கும். 1842-இல் ஜான் ஹெர்ஷெல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, இரும்பு உப்புக்கள் பூசிய காகிதத்தில் சூரிய ஒளியைக் கொண்டு நீல நிறப் பிரதி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அம்முறை சில பத்தாண்டுகளுக்குப் பின் புளூபிரிண்ட் என்ற பெயரோடு பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் பரவியது. பிரதி எடுப்பது சுலபமாயிற்றே தவிர, சேர்க்கும் சிரமம் குறையவில்லை. தண்ணீரில் அலசி உலர்த்தப்பட்ட நீலக் காகிதம் சுருங்கிக் கோணுமாதலால், ஒரே படத்தின் இரண்டு பிரதிகள்கூட ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அமைவது அரிது. எழுதியிருக்கும் அளவையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும், படத்தின்மேல் அளவுகோலை வைத்து அளக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வரைபடங்களின் ஓரத்தில் இன்றளவும் அச்சாகி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இச்சங்கடத்தைத் தீர்த்தது 1950-களில் புழக்கத்துக்கு வந்த பாலியெஸ்டர் பிலிம். ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அதிகம் நெகிழாத அந்தத் தாளின் ஓரத்தில் குறித்த இடைவெளியில் துளைகளிட்டு, மேஜையில் பதித்த உலோகப் பட்டையின் முளைகளில் அவற்றை மாட்டி வரையும் வழக்கம், 1970-களில் அமெரிக்க அலுவலகங்களில் ஓங்கி நின்றது. தூண்வரிசையும் சுவர்களும் மாத்திரம் கொண்ட அடிப்படைத் தாள் ஒன்று இருக்கும். மின்சாரத்துக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று மற்றத் தாள்கள் யாவும் அதே முளைகளில் அதன்மேல் அமரும். வேண்டியவற்றை மட்டும் அடுக்கி ஒளி பாய்ச்சிப் பிரதி எடுத்தால், அந்தந்த வேலைக்காரருக்கு உரிய படம் தயார். சுவர் இடம் மாறினால் அடிப்படைத் தாளை மட்டும் திருத்துவார்கள். இந்த எளிய உலோகப் பட்டையைப் பின்வந்த யந்திரங்களுக்குத் தாழ்ந்ததாக நான் மதிப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஸ்தானம் ஒன்று வேண்டும் என்ற தத்துவத்தை அது கையால் தொட்டு உணரும்படி செய்துவைத்தது.

கணினியின் பங்கோ அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1963-இல் ஐவன் சதர்லண்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர், மாஸச்சூஸெட்ஸில் லிங்கன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த டிஎக்ஸ்-2 என்ற யந்திரத்தின் திரைமீது ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற ஏற்பாட்டைத் தம் ஆய்வுப் பட்டத்துக்காக உருவாக்கினார். அதன் சூக்ஷ்மம், மூலப் படம் ஒன்றை ஒருமுறை வரைந்துவிட்டு, அதன் பிம்பங்களை வேண்டிய இடங்களிலெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்பதும், மூலத்தைத் திருத்திய மாத்திரத்தில் பிம்பங்கள் அனைத்தும் தாமே திருந்திவிடும் என்பதுமாகும். ஒரு படத்துக்குள் இன்னொரு படம், அதற்குள் மற்றொன்று என்று அமைக்கும் வழியை முதன்முதலில் இவ்வளவு தெளிவாகக் கண்டவர் அவரே என்று சொல்லத் தடையில்லை.

அந்த வழி சாமானிய அலுவலகங்களுக்கு வந்துசேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. ஜான் வாக்கர் முதலியோர் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ஆட்டோகேட், சிறு கணினியிலேயே ஒரு வரைபடத்தை மற்றொன்றினுள் செருக இடங்கொடுத்தது. பழைய உடன்படிக்கையின் அருமை அப்போதுதான் பலருக்கு விளங்கியது. ஒருவர் மில்லிமீட்டரிலும் மற்றவர் அங்குலத்திலும் வரைந்திருந்தால், ஒரு படம் மற்றதைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் பெருத்து நிற்கும். இருவரும் வேறு வேறு மூலையைப் பூஜ்யமாகக் கொண்டிருந்தால், செருகிய படம் எங்கோ தொலைவில் போய் விழும். இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தெரியாத பிழையே கொடியது. இரண்டு கோப்புகளிலும் கதவு என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான பிளாக்குகள், அதாவது பெயரிட்டுச் சேமித்த உருவங்கள், இருந்தால், வரவேற்கும் கோப்பிலுள்ள கதவே நிலைத்து, வந்த கோப்பின் கதவுகளெல்லாம் அரவமில்லாமல் அதன் வடிவத்தை ஏற்றுவிடும்.

1990-இல் வெளிவந்த ஆட்டோகேடின் பதினோராம் பதிப்பில் எக்ஸ்ரெப் என்ற வசதி சேர்ந்தது. அதன்படி, வெளியிலுள்ள படம் நம் கோப்புக்குள் நகலாக வந்து தங்காமல், தன் இடத்திலேயே இருந்துகொண்டு இங்கே தோற்றம் மட்டும் கொடுக்கும். சொந்தக்காரர் அதைத் திருத்தினால், நாம் மறுமுறை திறக்கும்போது திருத்தம் தெரியும். இரண்டு படங்களின் லேயர்கள் எனப்படும் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி, வந்த படத்தின் பெயர் ஒவ்வொரு லேயரின் பெயருக்கும் முன்னால் ஒட்டிக்கொள்ளும். முளைப்பட்டையின் அடிப்படைத் தாளே இங்கு மறுபிறவி எடுத்தது என்று நான் கருதுகிறேன்.

பொதுவான உடன்படிக்கையின்கீழ் வரையும் முறையின் பெருமையையும், அதை மீறியதன் விலையையும் விமானத் தொழில் காட்டியது. 1994 ஜூனில் முதன்முறை பறந்த போயிங் 777-இன் சுமார் 30 லட்சம் உறுப்புகளைப் பல குழுவினர் ஒரே காட்டியா மென்பொருளில் வரைந்து, உலோகத்தை வெட்டுமுன் திரையிலேயே கோத்துப் பார்த்தார்கள். ஏர்பஸ் ஏ380-இலோ, ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்தவர்கள் அதே காட்டியாவின் நாலாம் பதிப்பிலும், பிரான்ஸிலும் பிரிட்டனிலும் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வரைந்தனர். ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய 530 கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகள். இரு பதிப்புகளின் படங்களும் சரிவர ஒத்துப்போகாததால், ஹாம்பர்க்கில் கட்டுக்கட்டாகச் செய்து துலூஸுக்கு அனுப்பிய கம்பித் தொகுதிகள் விமானத்தின் உடலுக்குள் பொருந்தவில்லை. தொழிலாளிகள் அவற்றைக் கையால் பிரித்துத் திருத்தும்படி ஆயிற்று. 2006-இல் தாமதத்தின்மேல் தாமதம் அறிவிக்கப்பட்டு, முதல் விமானம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிந்தி, 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.