ஓர் அடுப்பும் ஓர் உறுதியும்

உடப்புசல்லாவையின் மலைச்சரிவுகளில் ஏதேனும் ஒரு லயத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்ட காம்பராக்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. பாடசாலை சென்று வரும் மகள் ஒரு நாள் மாலை தாயிடம் சொல்கிறாள்: "அம்மா, இனி எனக்கு இறைச்சியும் கருவாடும் வேண்டாம். முட்டையும் பாலுங்கூட வேண்டாம்."

விடியுமுன் எழுந்து சமைத்து, பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்து, நனைந்த உடையோடு வீடு திரும்பிய தாய் என்ன மறுமொழி சொல்வாள்? கிடைப்பதே அரிதாயிருக்க அதிலும் ஒதுக்குவதா என்று கேட்கலாம். பிள்ளை மெலிந்துவிடுமே என்று அஞ்சலாம். உனக்கென்று தனியாக உலை வைக்க எனக்கு ஏது நேரம் என்று சலித்துக்கொள்ளலாம். இம்மூன்றும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை தேடாமல், மகளின் மனச்சான்றைப் போற்றவேண்டும் என்று மட்டும் உபதேசிப்பது வசதி படைத்தவர்களின் பேச்சாகவே முடியும்.

ஆதலால் முதலில் அந்தத் தாயின் உணவுத் தட்டு எப்படி உருவானது என்பதைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து உழைப்பாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குத் தோட்டமே அரிசி கொடுத்தது. அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை 1904இல் ஒரு சிறு இரயில் பாதை அமைந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கீழிறக்கவும் தோட்டங்களுக்கு வேண்டிய பண்டங்களை மேலேற்றவும் உதவிய அந்தப் பாதை 1948இல் முற்றாக மூடப்பட்டது. அது ஓடிய காலமெல்லாம் தொழிலாளியின் தட்டில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. சோறு, ரொட்டி, சம்பல், பருப்பு, கீரை, சிறிது கருவாடு அல்லது நெத்தலி. இறைச்சி என்பது சம்பள நாளுக்கும் தீபாவளிக்கும் உரிய பொருள். மாடு வளர்த்தவர்களிற் பலருங்கூடப் பாலை விற்றுக் காசாக்கினர். வீட்டார் குடித்தது சாயத் தேநீர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு சுருங்கி விலைகள் ஏறியபோது, தோட்டங்களில் இறப்பு விகிதம் கூர்மையாக உயர்ந்தது. பட்டினியால் மாண்டவர்கள் எந்த விரதமும் பூண்டவர்கள் அல்லர்.

இறைச்சியும் பாலும் இல்லாத உணவு மலையகத்துக்குப் புதியதன்று. புதியது என்னவென்றால், அதனை ஒருவர் தாமாகத் தேர்ந்துகொள்வது. வறுமை பறித்துக்கொண்டதையும் மனிதன் தன் விருப்பத்தால் விட்டதையும் ஒன்றாக எண்ணலாகாது.

இனி, இந்தக் கேள்வியைத் தம் வீட்டிலேயே பலமுறை சந்தித்து, நேர்ந்ததை மறைக்காமல் எழுதியும் வைத்த ஒருவரிடம் வருவோம். காந்தியடிகளை இங்கே மகாத்மாவாக வணங்கவோ பழிக்கவோ நாம் முற்படவில்லை. ஒரு தந்தையாக, கணவராக, நோயாளியாக அவர் கண்ட அனுபவமே நமக்கு வேண்டியது.

சிறுவயதில் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் அவர் ஒளிந்து புலால் உண்டார். ஓராண்டுக்குள் சில தடவைகள் மட்டுமே அது நடந்தது. பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்ததே அவரை அதிலிருந்து விலக்கியது. 1888இல் இலண்டனுக்குப் புறப்படுமுன், புலால் உண்பதில்லை என்று தாயிடம் உறுதி அளித்தார். அங்கே ஒரு மரக்கறி உணவகத்தில் ஹென்றி சால்ட் எழுதிய நூலொன்றை வாங்கிப் படித்தபின், தாய்க்காகக் காத்த உறுதி அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. அந்தச் சால்ட் யார்? வெறும் உணவுச் சீர்திருத்தக்காரர் அல்லர், சமதர்மவாதி. 1891இல் மனிதாபிமானக் கழகத்தைத் தோற்றுவித்து, கசையடித் தண்டனையையும் விலங்கு வதையையும் ஒருசேர எதிர்த்தவர். பலமற்ற உயிரின்மேல் பலமுள்ளவன் செலுத்தும் கொடுமை எங்கிருந்தாலும் அது ஒன்றே என்பது அவர் கருத்து.

கொள்கை கிடைத்துவிட்டது, குடும்பம் என்ன ஆயிற்று? 1902இல் பம்பாயில், பத்து வயது நிரம்பாத மகன் மணிலால் கடுங்காய்ச்சலில் விழுந்தான். முட்டையும் கோழிச்சாறும் கொடுக்குமாறு மருத்துவர் கூறினார். காந்தியடிகள் மகனையே கேட்டார். அவனும் தந்தையின் வழியே போதும் என்றான். நீர் வைத்தியமும் பழச்சாறுமாக நாட்கள் கழிந்தன, பிள்ளை பிழைத்தான். ஆனால் நாம் கேட்கவேண்டியது வேறு. காய்ச்சலில் கிடக்கும் சிறுவன், தன் தலைமாட்டில் நிற்கும் தந்தைக்கு வேறு என்ன விடை சொல்லியிருக்க முடியும்? அங்கே கேள்வி இருந்தது, சுதந்திரம் இருந்ததா?

1909ஐ ஒட்டி டர்பனில் கஸ்தூர்பா அறுவைச் சிகிச்சைக்குப் பின் மிகவும் மெலிந்திருந்தபோது, மருத்துவர் மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே ஆகவேண்டும் என்றார். முடிவு மனைவியுடையது என்றார் காந்தியடிகள். கஸ்தூர்பா உறுதியாக மறுத்தார். மழையில், நலிந்த உடலோடு, அவரைப் பீனிக்ஸ் குடியிருப்புக்கு எடுத்துச் சென்றனர். பின்னர் உப்பையும் பருப்பையும் விட்டுவிடுமாறு கணவர் வற்புறுத்தியபோது, உங்களாலேயே அது முடியாதே என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டார். உடனே அவர் தாமே ஓராண்டுக்கு அவற்றை விட்டுவிட்டார். இதை அன்பு என்று காந்தியடிகள் எண்ணினார். ஆனால் கஸ்தூர்பா அழுதார். தாம் மறுக்க முடியாதபடி அந்தத் தியாகம் தம்மைக் கட்டிவிட்டதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். உடன்துறத்தல் துணையாகவும் அமையலாம். வலிந்து இழுக்கும் கயிறாகவும் அமையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

டால்ஸ்டாய் பண்ணையில் வேறு காட்சியைக் காண்கிறோம். 1910இல், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், ஹெர்மன் காலன்பாக் அளித்த 1100 ஏக்கர் நிலத்தில், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் குடியேறின. குஜராத்தியரோடு தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்தனர். இந்துக்களோடு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்சிகளும் இருந்தனர். இலங்கைக்குத் தோட்டத் தொழிலாளரை அனுப்பிய அதே தமிழ்நாடுதான் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளை அனுப்பியது என்பதை நாம் மறக்கலாகாது. இங்கே என்ன சமைப்பது? எத்தனை அடுப்பு மூட்டுவது? போராட்டத்துக்காக வீட்டை இழந்து வந்தவர்களிடம், பழகிய உணவையும் விடுங்கள் என்று கேட்பது முறையா? காந்தியடிகள் ஒரு முடிவுக்கு வந்தார்: கிறிஸ்தவரும் முஸ்லிமும் மாட்டிறைச்சியே கேட்டாலும் அதைக் கொடுப்பது தம் கடமை. அந்த மனத்துடனேயே அவர் பெண்களிடம் செலவையும் நிலைமையையும் எடுத்துச் சொன்னார். அவர்கள் பொது அடுப்பில் மரக்கறி உணவுக்கு இசைந்தனர். மறுப்பதற்கு உரிமை இருந்த இடத்தில் கிடைத்த இசைவு அது. மணிலாலின் இசைவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியத் தொழில் புரிவோர் எளிதில் உணர்வர்.

1912இல் அதே பண்ணையில், கறவை மாடுகள் படும் வதையைப் பற்றிப் படித்தறிந்த பின்னர், அவரும் காலன்பாக்கும் பாலையும் விட்டனர். ஆறாண்டுகள் சென்றன. 1918இல் அவர் கடும் நோயுற்றார், உடல் எலும்புக்கூடாயிற்று. பால் இன்றித் தேற்ற முடியாது என்றார் மருத்துவர். உறுதியை மீறேன் என்றார் நோயாளி. பசுவும் எருமையும் படும் துன்பத்தை எண்ணியே தாம் உறுதி பூண்டதாக அவர் விளக்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூர்பா, அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்றார். காந்தியடிகள் இணங்கினார். உறுதியின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொன்றுவிட்டோம் என்ற வருத்தம் அவருக்குப் பின்னரும் இருந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவொன்றை யாரேனும் கண்டு சொல்லமாட்டார்களா என்று ஏங்கினார். எனினும் உயிர் தப்பிற்று.

குடும்பம் துணைநிற்பது என்பதன் பொருளை இந்த இடத்தில்தான் நாம் கற்கிறோம். கஸ்தூர்பா அந்த உறுதியைக் கேலி செய்யவில்லை. ஏமாற்றிப் பாலைக் கலந்து கொடுக்கவுமில்லை. உறுதியின் சொற்களைக் கவனமாகக் கேட்டு, உறுதியும் மனிதனும் சேர்ந்து பிழைக்க வழி தேடினார். அவருடைய தீர்வு குறையுடையதாக இருக்கலாம். அந்நாளில் வேறு தீர்வுக்கு வேண்டிய அறிவியலும் இருக்கவில்லை.

அந்த அறிவு பின்னர் வந்தது. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில தோழர்களும் விலங்குகளிலிருந்து பெறும் உணவு அனைத்தையும் விலக்கும் சங்கமொன்றை அமைத்தனர். நான்காண்டுகளுக்குப் பின், 1948இல், பி12 என்னும் உயிர்ச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. இதன் குறைவு இரத்தத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். ஆகவே இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தையும் விடுபவர் பி12 மாத்திரையோ அது சேர்க்கப்பட்ட உணவோ தவறாமல் கொள்ளவேண்டும். இன்று அதற்கு விலங்குப் பொருள் தேவையில்லை. அன்று காந்தியடிகள் தேடிய வழியின் ஒரு பகுதி இன்று நம் கைக்கு எட்டியிருக்கிறது. மலையகத்துக்குச் சிறப்பாக உரிய எச்சரிக்கை மற்றொன்று. இரத்தச்சோகை தோட்டப் பெண்களின் பழைய பகை. பருப்பு, கடலை, கீரை இவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி தேநீர் தடுக்கிறது. எலுமிச்சை, கொய்யா போன்றவை ஏற்கத் துணை புரிகின்றன. எனவே சாயத் தேநீரை உணவோடு குடியாமல், ஒரு மணி நேரமேனும் தள்ளிக் குடிப்பது நன்று. தான் பறிக்கும் இலையே தன் இரத்தத்தைக் குறைக்கிறது என்பதை எத்தனை தாய்மாருக்கு நாம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

இன்னொன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். நம் சமுதாயத்தில் மரக்கறி உணவுக்கு ஓர் ஆணவ வரலாறு உண்டு. 'சைவம்' என்ற சொல் உண்பவனை உயர்த்தவும், புலால் உண்பவனைத் தாழ்த்தவும் சாதியின் கருவியாகப் பயன்பட்டிருக்கிறது. கருவாட்டு மணத்தைக் கேலி செய்தவர்கள் அந்தக் கருவாட்டை உண்டவர்களின் உழைப்பில் வாழ்ந்தவர்களே. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி உயிரிரக்கத்தால் உணவை மாற்றிக்கொள்ளும்போது, தன் தாயின் தட்டை இகழும் பழைய பெருமை அவளைத் தொற்றிக்கொள்ளலாகாது.

இதற்கு நமக்கு நம்மவரே வழிகாட்டியிருக்கிறார். புலாலைக் கடுமையாக மறுத்தவர் இராமலிங்க அடிகள். அவர் 1867இல் வடலூரில் தருமச்சாலை அமைத்தபோது முதற்கடமையாகக் கொண்டது பசி தீர்ப்பதையே. புலால் உண்பவர் என்பதற்காக ஒருவரைப் பட்டினியோடு அனுப்ப அவர் நெறி இடந்தரவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்குள் மூண்ட 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் தமிழகத்து ஏழைகளை ஆயிரமாயிரமாக இலங்கைத் தோட்டங்களுக்கு விரட்டியது. பசித்தவனின் சோற்றிலிருந்து தொடங்காத இரக்கம் முழுமையானதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

மீண்டும் அந்தக் காம்பராவுக்கு வருவோம். மகள் தன் முடிவைச் சொல்லட்டும். ஏன் என்று வீட்டார் பொறுமையோடு கேட்கட்டும். கருவாடு சேருமுன் அவளுக்குரிய பருப்பையும் கறியையும் ஒதுக்கிவிட்டால் இன்னோர் அடுப்பு வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலை தாயின் தலையில் விழலாகாது. மகளும் கை கொடுக்கட்டும், தகப்பனும் அண்ணன் தம்பியரும் அகப்பை பிடிக்கட்டும். உயிர்களிடம் இரக்கம் கொண்ட பிள்ளை, பகலெல்லாம் கொழுந்து பறித்த தாயின் கைகளிடமும் இரக்கம் கொள்ளவேண்டும் அல்லவா? ஆசிரியர் சத்துணவைப் பற்றிய அறிவைக் கொடுக்கட்டும். மருத்துவத் தாதி இரத்தத்தைச் சோதிக்கட்டும். அவள் ஒரு நாள் மனம் மாறினாலும், அதைத் தோல்வியென்று யாரும் எள்ளாதிருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒன்று எஞ்சும். கடலையும் பழமும் பி12 மாத்திரையும் வாங்கக் காசு வேண்டும். 1000 ரூபா நாட்சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடினர். 2021இல்தான் அது சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது. உண்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கூலியோடு பிணைந்தது. தாய்க்கு வேண்டியதை வாங்கவும் மகளுக்கு வேண்டாததை விடவும் இடமளிக்கும் சம்பளத்துக்காக நடக்கும் போராட்டத்தில், அந்த இருவரும் ஒரே அணியில்தான் நிற்கிறார்கள்.