ஆப்பசோடாவும் உலர்திராட்சையும்: வடசென்னை வீடுகளுக்குப் பழ ரொட்டி வந்த வழி

ஐரிஷ் சோடா ரொட்டி ஈஸ்ட் சேர்க்காமல் சுடப்படுவது. கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, புளித்த மோர் என்ற நான்கு பொருள்கள் அதற்குப் போதும். கைப்பிடி உலர்திராட்சையைச் சேர்த்தால் அதுவே விருந்தாளிக்கு வெட்டிவைக்கும் பழ ரொட்டி. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இந்தப் பொருள்கள் இருக்கும். ஆனாலும் அங்கே ரொட்டியும் கேக்கும் நெடுங்காலம் பேக்கரியின் பண்டங்களாகவே இருந்தன. அவை வீட்டு அடுப்புக்கு வந்த கதையில் கள்ளுக்கும் உப்புக்கும் மதுவிலக்குக்கும் மணல் நிரப்பிய பாத்திரத்துக்கும் பங்கு உண்டு.

அயர்லாந்தில் சோடா ரொட்டி பழமையானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது 1830களில் பிறந்தது. லண்டனில் வெளியான உழவர் இதழ் ஒன்று 1836இல் இதன் செய்முறையை வெளியிட்டது. அயர்லாந்தின் டவுன் மாவட்டச் செய்தித்தாள் ஒன்றிலிருந்து அது எடுக்கப்பட்டிருந்தது. அந்நாட்டில் விளையும் கோதுமை மென்மையானது, பசைத்தன்மை குறைந்தது. ஈஸ்ட் இட்டு மணிக்கணக்கில் உப்பவைக்க அந்த மாவு ஒத்துவராது. ஏழைக் குடியானவர் வீட்டில் சுவரோடு கட்டிய ஓவனும் கிடையாது. செங்கல்போல் வெட்டி உலர்த்திய சதுப்பு மண்ணே எரிபொருள். அந்த நெருப்பின்மேல் 'பாஸ்டிபிள்' என்ற மூன்று கால் இரும்புச் சட்டியை வைத்து, மூடியின்மேலும் தணலை அள்ளிப்போட்டு ரொட்டி சுட்டார்கள். நம் ஊரில் பிரியாணிக்குத் தம் போடும் அதே முறை. சோடாவின் வரவு இந்தச் சட்டியை ரொட்டிச் சட்டியாக்கியது.

பழம் சேர்த்த ரொட்டிக்கு அங்கே இடத்துக்கு ஒரு பெயர். திராட்சை கறுப்புப் புள்ளியாகத் தெரிவதால் 'புள்ளி நாய்' என்பது ஒன்று. சில பகுதிகளில் அது 'ரயில்வே கேக்'. ரயில் பாதையில் ஸ்டேஷன்கள் தள்ளித் தள்ளி வருவதுபோல ரொட்டியில் திராட்சையும் தள்ளித் தள்ளி வரும் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். வறுமையிலும் விட்டுப்போகாத நகைச்சுவை அது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரத்தின் வரலாற்றை எழுதும்போது இந்தப் பெயரைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை.

வடசென்னைக் கடற்கரையில் ரொட்டியின் வரலாறு ஐரோப்பிய வணிகரோடு தொடங்குகிறது. போர்ச்சுகீசியர் ரொட்டியைக் குறித்த 'பாவ்' என்னும் சொல் இலங்கைத் தமிழில் 'பாண்' என்று இன்றும் நிலைத்திருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். டச்சுக்காரர் தங்கிய கொழும்பிலும் கொச்சியிலும் 'ப்ரூடர்' என்ற திராட்சை ரொட்டி இன்றும் சுடப்படுகிறது. நெளிந்த அச்சில் சுட்டு, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்து உண்பார்கள். அது நொதித்து உப்பும் ரொட்டி. சோடாவுக்கு அதில் இடமில்லை.

நொதிக்கவைக்க இந்நாட்டில் கிடைத்தது கள். அதிகாலையில் இறக்கிய பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் ஈஸ்ட் தானாகவே பெருகியிருக்கும். கோவாவின் ரொட்டிக்காரர்கள் அதை மாவில் ஊற்றிப் பிசைந்தார்கள். மெட்ராஸ் பேக்கரிகளும் அப்படித்தான். ஆனால் கள்ளை நம்பி ரொட்டி சுடுவது லேசான காரியமல்ல. காலையில் இனித்த கள் மாலைக்குள் காடியாகிவிடும். வெயிலின் கடுமை ஏறினால் மாவும் வேகமாகப் புளிக்கும். ஒரே பேக்கரியின் ரொட்டி ஒருநாள் பூவாகவும் மறுநாள் புளித்தும் வரும். வீட்டில் ரொட்டி சுட விரும்பியவர்கள் வேறு வழி தேடியதற்கு இதுவே முதற்காரணம்.

அந்த வழி டப்பாவில் வந்தது. பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1843இல் ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். சோடாவையும் உலர்ந்த அமிலத்தையும் மாவோடு கலந்துவைத்தால் ஈரம் படும்வரை அவை சும்மா இருக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878இல் மெட்ராஸில் வெளியிட்ட 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' நூலில், முகாமில் தங்குவோர் பேக்கிங் பவுடரைக் கொண்டே ரொட்டி சுட்டுக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார். ஊரைவிட்டுத் தள்ளிப் போனால் நல்ல கள்ளும் கிடையாது, பேக்கரியும் கிடையாது. பயணப்பெட்டியில் பல மாதம் கெடாமல் கிடக்கும் பொடிக்கு அங்கேதான் மதிப்பு.

அயர்லாந்துக்கும் மெட்ராஸுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது உண்மை. சோடா ரொட்டி அயர்லாந்தில் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1842இல், ஐரிஷ் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் மெட்ராஸ் வந்து கறுப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், பள்ளி தொடங்கினார்கள். அப்போது மெட்ராஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரும் ஜான் ஃபென்னெலி என்ற ஐரிஷ்காரரே. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படை 1881இல் பம்பாய் ஃபியூசிலியர்ஸ் படையோடு இணைக்கப்பட்டு ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. இவற்றை வைத்து வடசென்னைப் பழ ரொட்டிக்கு ஐரிஷ் வம்சாவளி கற்பிப்பது பிழை. சோடாவைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர்கள் துறவியரோ சிப்பாய்களோ அல்ல. கப்பலில் இறங்கிய டப்பாக்களும், அவற்றுக்குப் புதுப் பயன் கண்ட தமிழ்ப் பெண்களுமே.

ராயபுரத்தின் பெயர் ராயப்பர் என்னும் புனித பேதுருவிலிருந்து வந்தது. கடல்தொழில் செய்த கத்தோலிக்கர் எழுப்பிய அவருடைய ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் பயணிகள் ரயில் ஓடியது. ரயில்வேயும் துறைமுகமும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களை இங்கே குடியமர்த்தின. கிறிஸ்துமஸ் வந்தால் அவர்கள் வீட்டில் குல்குல், ரோஸ் குக்கி, ரவை கேக், திராட்சை ஊறிய பிளம் கேக் எல்லாம் உண்டு. குல்குல்லுக்கும் ரோஸ் குக்கிக்கும் எண்ணெய்ச் சட்டி போதும். கேக்குக்கு ஓவன் வேண்டுமே!

ஓவன் தெருமுனை பேக்கரியில் இருந்தது. வீட்டில் மாவைக் கலந்து, எண்ணெய்த்தாள் விரித்த தகரத்தில் ஊற்றி, பெயரெழுதிய சீட்டோடு பேக்கரிக்கு எடுத்துச் செல்வது டிசம்பர் மாதத்தின் வழக்கம். பேக்கரி அடுப்பு செங்கல்லால் கட்டிய குகைபோன்றது. உள்ளேயே விறகை எரித்து, தணலை வழித்தெடுத்துவிட்டு, செங்கல்லில் தங்கிய சூட்டில் வேகவைப்பார்கள். சென்னைக்கு விறகு தந்தவை வடக்கே கடற்கரை மணலில் வளர்க்கப்பட்ட சவுக்குத் தோப்புகள். அன்றாட ரொட்டி வெந்து இறங்கியபின் அடுப்பின் சூடு மெல்லத் தணியும். பழமும் சர்க்கரையும் மிகுந்த கேக் கருகாமல் நிதானமாக வேக அந்தத் தணியும் சூடே ஏற்றது. ஊராருக்கு அடுப்பை விட்டுக்கொடுத்த பேக்கரிக்காரரின் தாராளம் இந்த உணவின் வரலாற்றில் பதிவுபெற வேண்டிய ஒன்று.

இதற்கிடையே சோடா வேறொரு வாசல் வழியாகத் தமிழ்ச் சமையலறைக்குள் நுழைந்துவிட்டது. அதன் பெயரே சாட்சி: ஆப்பசோடா. ஆப்ப மாவைப் புளிக்கவைக்கக் கள் சேர்ப்பது பழைய வழக்கம். மதுவிலக்கு 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948 அக்டோபர் 2 முதல் மெட்ராஸ் மாகாணம் முழுவதற்கும் வந்தது. கள்ளுக்கடை மூடியபின் ஆப்பத்தை உப்பவைக்கும் வேலை சோடாவிடம் வந்து சேர்ந்தது. புளித்த அரிசிமாவில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. அதில் சோடா விழுந்ததும் நுரைக்கிறது. ஐரிஷ் வீட்டில் மோரும் சோடாவும் சேர்ந்தபோது நடந்ததும் இதே வினைதான். வேதியியல் பாடம் படிக்காமலே, புளிப்பு இல்லாத மாவில் சோடா போட்டால் வாடை வரும் என்பதைத் தமிழ் வீடுகள் தெரிந்துவைத்திருந்தன.

அந்த வாடைக்குக் காரணம் தெளிவானது. ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் சோடா, போதுமான அமிலத்தோடு முழுமையாக வினைபுரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கரியமில வாயு வெளிப்படும். அமிலம் இல்லாமல் வெறும் சூட்டில் சிதைந்தால் அதில் பாதியே கிடைக்கும். மீதி சலவைச் சோடாவாக ரொட்டியிலேயே தங்கிவிடும். சோப்புச் சுவையும் மஞ்சளோடிய நிறமும் அதனால் வருபவை.

சமையல் சோடாவின் தாய்ப்பொருள் கடல் உப்பு. பிரெஞ்சுக்காரர் நிக்கோலா லெப்லாங்க் 1791இல் உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து அந்தத் தொழில் வளர்ந்தது. இந்தியாவில் மிட்டாப்பூரில் டாடா கெமிக்கல்ஸ் 1939இல் தொடங்கியது. பின்னர் தூத்துக்குடியிலும் சோடா ஆலை வந்தது. எண்ணூரைச் சுற்றிலும் உப்பளங்கள் வெளுத்துக் கிடந்த காலத்தில், அந்த உப்பின் மாற்றுருவம் மளிகைக் கடையில் காகிதப் பொட்டலமாக விற்றது.

கோதுமையின் வரவு கசப்பான வரலாறு. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. அரிசியே சோறென்று இருந்த வீடுகளுக்குக் கோதுமை ரேஷனில் வந்தது. 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் ஏற்பட்டபின் கோதுமைக் கப்பல்கள் தொடர்ந்து வந்தன. முதலில் வேண்டாவெறுப்பாக வாங்கிய மாவு, ஒரு தலைமுறைக்குள் பரோட்டாவாகவும் பன்னாகவும் பழகிப்போனது.

வீட்டுக்குள் ஓவன் இல்லாத குறையை மணல் தீர்த்தது. அடிகனமான அலுமினியப் பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சலித்த மணலைப் பரப்பி, அதன்மேல் வளையம் ஒன்றை வைத்து, கேக் தகரத்தை அதில் இருத்தி மூடினால் சூடு எல்லாப் பக்கமும் சீராகப் பரவும். கரி அடுப்பாக இருந்தால் மூடியின்மேல் நாலைந்து தணலும் போடுவார்கள். பாஸ்டிபிள் சட்டியைக் கண்ணால் பாராதவர்கள் அதே தீர்வுக்கு வந்தது வியப்பல்ல; ஓவனற்ற வீட்டுக்கு வேறு வழியில்லை. 1959 முதல் பிரெஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாரானது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் வந்த ஆண்டுகளில் சமையல் வாயுவும் பரவலானது. கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைக் கொட்டிச் சுடும் 'குக்கர் கேக்' அப்படிப் பிறந்தது. மூடியில் சிறு கண்ணாடி வைத்த வட்ட அலுமினிய மின்ஓவனும் வசதியுள்ள வீடுகளில் இருந்தது. அந்தக் கண்ணாடி வழியே கேக் எழும்புவதைப் பார்க்கப் பிள்ளைகள் முறைவைத்துக் குனிவார்கள்.

பழத்திலும் உள்ளூர்க் கைவண்ணம் உண்டு. உலர்திராட்சையும் பேரீச்சையும் எங்கும் உள்ளவை. சிவப்பும் பச்சையுமாக மின்னும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்தது. பேக்கரி 'செர்ரி' பெரும்பாலும் களாக்காய். இவற்றைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். பப்பாளித் துண்டு சூட்டில் கரையாது, மாவுக்கு ஈரமும் தரும். அதன் இடத்தை உலர்திராட்சையால் நிரப்ப முடியாது.

சோடாப் பழ ரொட்டியை இன்று மணல் பாத்திரத்திலேயே சுடலாம். 450 கிராம் மைதாவுக்கு, அல்லது மைதாவும் கோதுமை மாவும் பாதிக்குப் பாதி கலந்த மாவுக்கு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 100 கிராம் உலர்திராட்சை. சோடாவைக் கட்டியில்லாமல் சலித்தே சேர்க்க வேண்டும்; கடற்காற்றின் ஈரத்தில் அது கட்டிதட்டும். நன்றாகப் புளித்த தயிரைத் தண்ணீர் விட்டுக் கெட்டி மோராகக் கடைந்து, சுமார் 350 மில்லி எடுத்து, நடுவே குழி செய்து ஊற்றுவார்கள். பிறகு வேகம் வேண்டும். மோர் பட்ட நொடியிலேயே வாயு கிளம்பிவிடுகிறது. சப்பாத்திக்குப் போல் அடித்துப் பிசைந்தால் வாயு போய், மாவும் இறுகி, ரொட்டி கல்லாகும். விரல்களை விரித்து இரண்டு மூன்று சுற்றில் திரட்டி, மேலே மாவு தூவி, உருண்டையைச் சற்றுத் தட்டி, கத்தியால் ஆழமாகச் சிலுவைக் கீறல் போட வேண்டும். அந்தக் கீறல் வழியே நடுப்பகுதிக்குச் சூடு இறங்கும்.

பாத்திரம் பத்து நிமிடம் முன்னதாகவே சூடேறியிருக்க வேண்டும். மிதமான தீயில் முக்கால் மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். மணலின் சூட்டைப் பொறுத்து முன்பின் ஆகலாம். ரொட்டியைத் துணியால் பிடித்துத் திருப்பி அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். டொக்கென்று வெற்றொலி கேட்டால் வெந்துவிட்டது. மந்தமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம். இறக்கியதும் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றிவைத்தால் மேலோடு இளகும். கொழுப்பு சேராத ரொட்டி என்பதால் அன்றே தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் மறுநாள் காலை தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு வாட்டிக்கொள்ளலாம். சூட்டில் திராட்சை உப்பி, ஓரங்கள் லேசாகக் கருகும்போது எடுத்துவிட வேண்டும்.